மாத்திரையில் மிச்சமிருக்கும் ரசாயனம்: கருவி காட்டுவது நிஜமா, பொய்யா? ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

2018 ஜூன் 6. சீனாவின் செஜியாங் ஹுவாஹாய் மருந்து நிறுவனத்துக்கு, அதனிடம் சரக்கு வாங்கும் ஒரு கம்பெனியிடமிருந்து புகார் வந்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் வல்சார்டன் மருந்தின் மூலப்பொருளைச் சோதித்தபோது, கம்ப்யூட்டர் திரையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மேடு தெரிந்தது. அது என்ன பொருள் என்பதுதான் கேள்வி.

விடை அதிர்ச்சியாக இருந்தது. அந்த மேடு என்டிஎம்ஏ. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்ட ரசாயனம். அடுத்த மாதமே ஐரோப்பா, அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் வல்சார்டன் மாத்திரைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த ரசாயனம் சிக்கியது ஏதோ அபூர்வமான ஆராய்ச்சியில் அல்ல. மருந்து ஆய்வகங்களில் தினமும் நடக்கும் 'மிச்சக் கரைப்பான்' சோதனையில்தான் சிக்கியது. அந்தச் சோதனையில் கருவி காட்டும் ஒவ்வொரு மேடும் நிஜமா, கருவிக் கோளாறா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? தப்பாகப் பிரித்தால் என்ன ஆகும்?

மிச்சக் கரைப்பான்னா என்ன?

மாத்திரைக்குள் இருக்கும் மருந்துப் பொருள் பல கட்ட ரசாயன வினைகளில் உருவாகிறது. பொருட்களைக் கரைக்க, கழுவ, படிகமாக்க மெத்தனால், அசிட்டோன், டொலுயீன், டைகுளோரோமீத்தேன் போன்ற திரவங்கள் தேவை. இவைதான் கரைப்பான்கள்.

வேலை முடிந்ததும் சூடாக்கி, வெற்றிடத்தில் உலர்த்தி இவற்றை வெளியேற்றுவார்கள். ஆனாலும் படிகங்களுக்குள் கொஞ்சம் மாட்டிக்கொண்டு நிற்கும். துவைத்துக் காயவைத்த துணியின் மடிப்பில் ஈரம் தங்குவது மாதிரி. அந்த மிச்சம் நோயைக் குணமாக்காது. அளவு மீறினால் உடம்புக்குக் கேடு.

எவ்வளவு வரை அனுமதி?

இதற்கென்று ஐசிஎச் என்ற சர்வதேச அமைப்பு 1997-ல் ஒரு வழிகாட்டுதலை உருவாக்கியது. அதில் கரைப்பான்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

முதல் வகை: தவிர்க்க வேண்டியவை. பென்சீனுக்கு வரம்பு வெறும் 2 பிபிஎம். கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 4 பிபிஎம்.

இரண்டாம் வகை: கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டியவை. மெத்தனால் 3000, டொலுயீன் 890, டைகுளோரோமீத்தேன் 600, அசிட்டோநைட்ரைல் 410 பிபிஎம்.

மூன்றாம் வகை: நச்சுத்தன்மை குறைந்தவை. எத்தனால், அசிட்டோன் போன்றவற்றுக்குப் பொதுவாக 5000 பிபிஎம் வரை.

ஒரு பிபிஎம் என்பது 10 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ மருந்துப் பொடியில் ஒரு மில்லிகிராம். அப்படியென்றால் பென்சீன் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். இவ்வளவு நுணுக்கமாக அளக்கத்தான் கேஸ் குரோமேட்டோகிராஃபி. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த வண்ணப்பிரிகை முறையின் வாயு வடிவம் இது.

கருவி எப்படி வேலை செய்யுது?

மருந்துப் பொடியை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, தண்ணீரிலோ டிஎம்எஸ்ஓ போன்ற திரவத்திலோ கரைப்பார்கள். ரப்பர் அடைப்பு வைத்து, அலுமினிய மூடியை இறுக்கி மூடிவிட்டுச் சூடாக்குவார்கள். அமெரிக்க மருந்துத் தர நூலில் உள்ள ஒரு நடைமுறையில் இது 80 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம்.

சூட்டில் கரைப்பான்கள் ஆவியாகி, திரவத்துக்கு மேலே உள்ள காலி இடத்தில் நிறையும். குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் வருவது வாசனைதானே? அதேபோல மேலே நிற்கும் ஆவியை மட்டும் உறிஞ்சி எடுத்துக் கருவிக்குள் செலுத்துவார்கள்.

உள்ளே சுமார் 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். உள்விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஹீலியம் அல்லது நைட்ரஜன் வாயு ஆவியைத் தள்ளிக்கொண்டு போகும். குழாயின் உள்சுவரில் உள்ள பூச்சில் ஒவ்வொரு கரைப்பானும் வேறு வேறு அளவு ஒட்டி ஒட்டி நகர்வதால், வெளியே வரும் நேரமும் மாறும்.

கடைசியில் ஒரு ஹைட்ரஜன் தீச்சுடர். வந்து சேரும் கரிமப் பொருள் அதில் எரியும்போது உருவாகும் மின்சாரத்தைக் கருவி அளக்கும். அதுதான் திரையில் மேடாகத் தெரியும். ஆய்வகத்தில் இதை 'பீக்' என்பார்கள். வந்த நேரத்தை வைத்து அது எந்தப் பொருள் என்றும், மேட்டின் பரப்பை வைத்து எவ்வளவு என்றும் கணக்கிடுவார்கள்.

இங்கேதான் சிக்கல். அந்தத் தீச்சுடருக்குப் பெயர் தெரியாது. '9-வது நிமிடத்தில் எரியக்கூடிய ஏதோ ஒன்று வந்தது' என்று மட்டும்தான் சொல்லும். வந்தது என்ன என்று முடிவு செய்வது மனிதர்கள்.

கருவி எங்கெல்லாம் ஏமாற்றும்?

1. இல்லாத பொருளுக்கு பீக்

ஆய்வகத்தில் இதை 'கோஸ்ட் பீக்' என்பார்கள். பேய் மாதிரி எங்கிருந்தோ வந்து நிற்கும். காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. குப்பியை அசிட்டோனில் கழுவியிருப்பார்கள். பக்கத்து மேசையில் டைகுளோரோமீத்தேன் பாட்டில் திறந்திருக்கும். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு அப்படியே மூடி போட்டிருப்பார்கள். மூடும் நொடியில் குப்பிக்குள் இருக்கும் காற்றும் சேர்த்துத்தானே சோதிக்கப்படுகிறது?

இது தவிர, ரப்பர் அடைப்பு சூட்டில் வெளியிடும் பொருட்கள், முந்தைய மாதிரியின் மிச்சம், வாயு சிலிண்டரிலிருந்து வரும் அழுக்கு என்று பட்டியல் நீளும்.

கண்டுபிடிக்கும் வழி, படிப்படியாக வெறுமையைச் சோதிப்பது. முதலில் எதையும் செலுத்தாமல் கருவியை மட்டும் ஓட்டுவார்கள். அப்போதும் பீக் வந்தால் குற்றவாளி கருவிக்குள்ளேயே இருக்கிறது. வரவில்லையா? அடுத்து காலிக் குப்பி. அதில் வந்தால் குப்பி, அடைப்பு, அறைக் காற்று மூன்றில் ஒன்று. அதிலும் இல்லையென்றால் மருந்து சேர்க்காத வெறும் திரவம். இதை 'பிளாங்க்' என்பார்கள். இந்த மூன்றிலும் வராமல் மருந்து சேர்த்த குப்பியில் மட்டும் வந்தால், அந்த பீக்கை இனி பேய் என்று ஒதுக்க முடியாது.

2. நேரம் மாறி வருவது

நேற்று 12-வது நிமிடத்தில் வந்த டொலுயீன் இன்று 12.5-ல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கரைப்பான்களும் ஒரே பக்கமாகத் தள்ளிப்போயிருந்தால் வாயு ஓட்டத்திலோ, கசிவிலோ, அடுப்பின் வெப்பநிலையிலோ கோளாறு. ஒன்று மட்டும் தள்ளிப்போயிருந்தால் அது டொலுயீன்தானா என்றே சந்தேகப்பட வேண்டும்.

3. ஒரே மாதிரி, வேறு வேறு அளவு

ஒரே கரைசலை ஆறு குப்பிகளில் ஊற்றி ஓட்டினால் ஆறு விதமான முடிவு வரும். பெரும்பாலும் காரணம் மூடி. சரியாக இறுக்காத மூடியில் ஆவி கசிந்துவிடும். கையால் திருகிப் பார்த்து, மூடி சுற்றினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுவது ஆய்வகப் பழக்கம். ஊற்றும் அளவு வித்தியாசப்பட்டாலும், சூடாக்கும் நேரம் போதாவிட்டாலும் இதே கதிதான்.

4. இரண்டு பேர் ஒரே சட்டையில்

இரண்டு கரைப்பான்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஒரே பீக்காகத் தெரியும். அசிட்டோநைட்ரைலும் டைகுளோரோமீத்தேனும் பக்கத்துப் பக்கத்தில் வருபவை. ஒன்றின் வரம்பு 410, மற்றதன் வரம்பு 600. ஒட்டிக்கொண்டு வந்தால் யாருக்கு எந்த வரம்பு? அதனால்தான் இந்த இரண்டும் போதிய அளவு பிரிந்து தெரிகிறதா என்று பார்த்த பிறகே சோதனையைத் தொடர வேண்டும் என்று அமெரிக்கத் தர நூல் சொல்கிறது.

சந்தேகம் வந்தால், வேறு பூச்சு கொண்ட இரண்டாவது குழாயில் ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் குழாயில் ஒட்டி வந்தவை பெரும்பாலும் இதில் பிரிந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்துப் பெயரைச் சொல்லும் கருவி அது.

5. மேடு சரிவாக இழுத்துக்கொண்டு வருவது

ஊசிபோல நிற்க வேண்டிய பீக், வால் முளைத்தது மாதிரி இழுத்துக்கொண்டு வரும். குழாயின் முன்முனை அழுக்கடைந்திருக்கலாம், அல்லது குழாயை வெட்டிய முனை சொரசொரப்பாக இருக்கலாம். முன்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டு, நேராகப் பொருத்தினால் பலமுறை சரியாகிவிடும். வெட்டிய பிறகு குழாயின் நீளம் குறைவதால் பீக் வரும் நேரமும் லேசாக மாறும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் புதுக் குழப்பம்.

6. எதுவுமே வராதது

திரையில் நேர்கோடு. 'மருந்து ரொம்ப சுத்தம்' என்று சந்தோஷப்படக் கூடாது. தீச்சுடர் அணைந்திருக்கலாம். பழைய ஆட்கள் சொல்லிக்கொடுக்கும் உத்தி: குளிர்ந்த ஸ்பேனரையோ சின்னக் கண்ணாடியையோ சுடருக்கு மேலே உள்ள வாயில் காட்ட வேண்டும். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி வரும், கண்ணாடியில் பனி படியும். பனி இல்லையென்றால் சுடர் இல்லை.

இதனால்தான் அளவு தெரிந்த கரைசலையும் (ஸ்டாண்டர்ட்) கூடவே ஓட்டுவது கட்டாயம். தெரிந்த பொருளையே காட்டாத கருவி, தெரியாத பொருளைக் காட்டவில்லை என்பதற்கு மதிப்பே கிடையாது.

எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் என்ன?

அவசரத்தில் பலர் செய்யும் தப்பு இதுதான். குழாய், ரப்பர் அடைப்பு, வாயு வடிகட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவார்கள். கோளாறு போய்விடும். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பி வந்தால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைப் பதிவேட்டில் எழுதி வைத்தல், மறுபடி பிளாங்க், மறுபடி ஸ்டாண்டர்ட் என்பதே முறை. ஆனால் பொறுமை வேண்டும். அமெரிக்கத் தர நூலின் ஒரு நடைமுறைப்படி, அடுப்பு 40 டிகிரியில் 20 நிமிடம் நிற்கும். பிறகு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 240 வரை ஏறும். அங்கே இன்னும் 20 நிமிடம். ஒரு குப்பிக்கே மொத்தம் ஒரு மணி நேரம். லாரி வாசலில் நிற்கும்போது இந்தப் பொறுமையைக் காப்பது சுலபம் இல்லை.

மருந்தே தொல்லை கொடுப்பதும் உண்டு. ஸ்டாண்டர்ட் சரியாக இருக்கும், மருந்து சேர்த்தால் மட்டும் அளவு குறையும். மருந்துப் பொருள் கரைப்பானைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆவியாக விடாமல் தடுக்கும். அப்போது தெரிந்த அளவு கரைப்பானை மருந்துக் குப்பியிலேயே கூடுதலாகச் சேர்த்து ஓட்டுவார்கள். 100 சேர்த்து 60 மட்டுமே திரும்பக் கிடைத்தால், காணாமல் போன 40-க்கு விளக்கம் தேட வேண்டும்.

வல்சார்டனில் நடந்தது என்ன?

இப்போது அந்த மேட்டுக்குத் திரும்புவோம். அமெரிக்காவின் எஃப்டிஏ 2018 நவம்பர் 29 அன்று செஜியாங் ஹுவாஹாய்க்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. என்டிஎம்ஏ-வைக் கண்டுபிடிப்பது கடினம் என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால், மிச்சக் கரைப்பான் வரைபடங்களில் என்டிஎம்ஏ வரக்கூடிய இடத்தில் ஒரு பீக் இருந்தது நிறுவனத்துக்கு முன்பே தெரியும் என்று கடிதம் சுட்டிக்காட்டியது. அதைக் கருவியின் இரைச்சல் என்று நினைத்து, மேற்கொண்டு ஆராயாமல் விட்டிருந்தார்கள்.

பீக் எங்கிருந்து வந்தது? தயாரிப்பு முறையை மாற்றியபோது டிஎம்எஃப் என்ற கரைப்பானைச் சேர்த்திருந்தார்கள். அது சிதைந்து டைமெத்தில் அமீன் உருவாகும். மீதமான அசைடை அழிக்கப் போட்ட சோடியம் நைட்ரைட்டோடு அது வினைபுரிந்தால் என்டிஎம்ஏ. மூன்றும் தனித்தனியாக அந்தத் துறைக்குத் தெரிந்த பொருட்கள். ஒரே பாத்திரத்தில் சேரும்போது என்ன ஆகும் என்பதை முன்கூட்டி யோசிக்கவில்லை.

ஆபத்து எவ்வளவு? தினமும் 320 மில்லிகிராம் என்ற அதிகபட்ச அளவில் 8,000 பேர் நான்கு ஆண்டுகள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால், கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்பது எஃப்டிஏ-வின் மதிப்பீடு. பீதி அடைய வேண்டிய எண் இல்லை. ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு, இல்லாமல் இருந்திருக்க வேண்டிய ஆபத்து அது.

கருவியே விஷத்தை உருவாக்குமா?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் வாலிஷர் என்ற நிறுவனம், அசிடிட்டிக்கான ரானிடிடின் மாத்திரைகளில் லட்சக்கணக்கான நானோகிராம் என்டிஎம்ஏ இருப்பதாகச் சொன்னது. நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவே 96 நானோகிராம்தான்.

ஆனால் அந்தச் சோதனையில் மாதிரி 130 டிகிரி வரை சூடாக்கப்பட்டிருந்தது. அந்தச் சூட்டில் ரானிடிடினே சிதைந்து என்டிஎம்ஏ-வை உருவாக்கும் என்று எஃப்டிஏ விளக்கியது. அதாவது, சோதனையே அந்தப் பொருளைச் சமைத்துக் கொடுத்திருக்கிறது. சூடு இல்லாத திரவ முறையில் சோதித்தபோது அளவு பல மடங்கு குறைவு.

கதை அங்கேயும் முடியவில்லை. மாத்திரையை வெப்பமான இடத்தில் வைத்தாலும், நாள் ஆக ஆகவும் என்டிஎம்ஏ கூடுகிறது என்று பிறகு தெரியவந்தது. 2020 ஏப்ரலில் ரானிடிடினைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி எஃப்டிஏ கேட்டுக்கொண்டது. எண் தப்பு, ஆனால் சந்தேகம் சரி.

ஃபெயில் ஆனால் மறுபடி டெஸ்ட் பண்ணலாமா?

'கருவிக் கோளாறு' என்பது வசதியான காரணம். ஃபெயில் ஆன முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாஸ் ஆகும் வரை திரும்பத் திரும்ப ஓட்டலாமே? இதற்கு 1993-ல் அமெரிக்க நீதிமன்றம் பார் லேபரட்டரீஸ் வழக்கில் கடிவாளம் போட்டது. ஆய்வகத் தவறு என்று ஆதாரத்தோடு காட்டினால்தான் முதல் முடிவை ஒதுக்க முடியும். எஃப்டிஏ-வின் வழிகாட்டுதலும் இதே வழியில்தான் அமைந்துள்ளது.

'குப்பி கசிந்திருக்கும்' என்று சொன்னால் போதாது. எந்தக் குப்பி, எப்படித் தெரிந்தது, யார் பார்த்தார்கள் என்பது பதிவில் இருக்க வேண்டும். கோளாறைத் தேடும்போது எழுதி வைத்த அந்தப் பதிவேடுதான் இங்கே சாட்சி.

இருமல் மருந்து விவகாரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருப்பதாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகு நடந்த சோதனை அது. இதற்கான வரம்பு 0.1 சதவீதம்.

அது உலர்த்தியும் போகாத மிச்சம் அல்ல. மருந்துக்குள் போகவே கூடாத நச்சு. ஆனால் டைஎத்திலீன் கிளைகாலைக் கண்டுபிடிக்கவும் கேஸ் குரோமேட்டோகிராஃபி பயன்படுகிறது. கருவி இருந்தால் மட்டும் போதாது. மருந்து வெளியே போவதற்கு முன்பே சோதிக்க வேண்டும், வந்த முடிவை மதிக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுறவங்க என்ன செய்யணும்?

மிச்சக் கரைப்பானை வீட்டில் கண்டுபிடிக்க வழி கிடையாது. வாசனையிலும் நிறத்திலும் தெரியாது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம்.

மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு (சிடிஎஸ்சிஓ), தரமில்லாத மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் மருந்தின் பெயரோடு பேட்ச் எண்ணும் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்து பேட்ச் எண் வேறாக இருந்தால், அந்த அறிவிப்பு உங்கள் அட்டைக்குப் பொருந்தாது. அதனால் பேட்ச் எண் உள்ள பகுதியைக் கடைசி வரை கிழிக்காமல் வைத்திருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிரபல மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயம். மொபைலில் ஸ்கேன் செய்தால் பேட்ச் எண்ணும் தயாரிப்பாளரின் விவரமும் தெரியும்.

முக்கியமாக, ஒரு மருந்து திரும்பப் பெறப்படுகிறது என்று செய்தி வந்ததும் ரத்த அழுத்தம், இதய நோய் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வல்சார்டன் விவகாரத்திலும் மாற்று மருந்து கிடைக்கும் வரை தொடருங்கள் என்றுதான் எஃப்டிஏ நோயாளிகளுக்குச் சொன்னது. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். அந்த ஆபத்து, பிபிஎம் அளவில் இருக்கும் மிச்சத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறது. அட்டையோடு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள். உங்கள் பேட்ச் பட்டியலில் இருந்தால் மாற்று மாத்திரை எது என்பதை அவர்கள் சொல்வார்கள்.